கம்பளிப் பட்டையின் மறுபக்கம்

மருமகளுக்கு இரவு ஷிப்ட் போய்ப் பகல் ஷிப்ட் வந்துவிட்டது. அதனால், பியானோவின் சத்தத்தை அடக்கும் கம்பளிப் பட்டையைக் கழற்ற மெக்கானிக்கை வரவழைத்திருந்தாள்.

"நாலு வருஷமா என் தூக்கத்துக்காக அடக்கியே வாசிச்சீங்க மாமா. இனிமே ஆசை தீர வாசிங்க."

"எனக்கு இதுவே பழகிடுச்சும்மா," என்றார் மாமனார். பிறகு மெக்கானிக்கின் காதோரம் குனிந்து, "இன்னும் தடியா ஒண்ணு போட முடியுமா?" என்று கேட்டார்.

மெக்கானிக் சிரித்துக்கொண்டே பட்டையைக் கழற்றினார். சுத்தியல்களுக்கும் கம்பிகளுக்கும் நடுவே திரைபோல் தொங்கும் பட்டை அது. சுத்தியல் பக்கம் வரிசையாகக் குழிகள் இருந்தன. நாலு வருஷம் அடி வாங்கினால் அப்படித்தான் இருக்கும். பிறகு கம்பிப் பக்கத்தைத் திருப்பினார். அங்கேயும் நான்கு நான்காகக் குழிகள். தன் விரல் முட்டிகளை அவற்றில் வைத்துப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தின.

மருமகள் ஆசையாக ஒரு கட்டையை அழுத்தினாள். கூடமே அதிர்ந்தது. அது அடங்கியதும் யாரோ தட்டும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"கீழ்வீட்டுக்காரங்க அதுக்குள்ள சண்டைக்கு வந்துட்டாங்க போல," என்று அவள் வாசலுக்குப் போனாள்.

கம்பிகளுக்குப் பின்னால் இருந்த பலகை ஒவ்வொரு தட்டுக்கும் அதிர்ந்தது.

மாமனார் மெக்கானிக்கின் கையை இறுகப் பிடித்தார். "அவளை நிறுத்துங்க," என்று உதடுகள் மட்டும் அசைந்தன. மெக்கானிக் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் தாழ்ப்பாள் விலகியது.

"இதோ திறந்துட்டேன், உள்ள வாங்க," என்றாள் மருமகள்.

தட்டுவது நின்றது.