கிளட்ச் மேல் வைத்த கால்

"லேசா மிதி... காலை எடு... மறுபடி மிதி. போதும், வண்டியை அணைச்சுடு."

பானெட்டில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த தணிகாசலம் நிமிர்ந்தான். கிளட்சை மிதித்தால் கீச்சென்று ஒரு சத்தம்; காலை எடுத்தால் கப்சிப். அவனுக்கு அவ்வளவு போதும். வண்டியைப் பிரிக்காமலே நோயைச் சொல்லக்கூடிய மெக்கானிக் புதுச்சேரியில் தான் ஒருவன்தான் என்பது அவனுடைய நெடுநாள் எண்ணம். அதை அவன் யாரிடமும் மறைத்ததும் இல்லை.

"பிளேட்டு நல்லாருக்குது. கியர்பாக்சும் நல்லாருக்குது. ரிலீஸ் பேரிங்குதான் போயிடுச்சு, முதலாளி."

"மறுபடியுமா?" என்றார் மரக்கடை காசிலிங்கம். பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டியபோது ஒரு துரையிடம் ஆசை ஆசையாக வாங்கிய கறுப்பு வண்டி அது. "ஆறு மாசத்துல இது மூணாவது. நீ போடற சாமான்ல கோளாறா, இல்ல நீயே கோளாறா?"

தணிகாசலத்துக்குச் சுருக்கென்றது.

"ஞாயித்துக்கெழமையானா மெட்ராசுக்கு பஸ் ஏறி, கடை கடையா அலைஞ்சு பாத்துப் பாத்து வாங்கியாரேன். சாமான்ல பழுது இல்ல. ஓட்டறவங்க கால்லதான் பழுது."

"என்னா சொல்ற?"

"கிளட்சை மிதிச்சமா, கியரைப் போட்டமா, காலை எடுத்து ஓரமா வெச்சமான்னு இருக்கணும். வேலை முடிஞ்சும் பெடல் மேலயே காலை வெச்சிக்கினு போனா, அந்த பேரிங்கு சும்மா சுத்திச் சுத்தித் தேஞ்சுதான் போவும்."

காசிலிங்கம் தன் டிரைவர் பஞ்சநாதனைத் திரும்பிப் பார்த்தார். அவன் பதறிப்போய் வண்டியை விட்டு இறங்கினான்.

"நான் அப்படி வெக்கறதே இல்லிங்க. பன்னெண்டு வருசமா ஓட்டறேன்."

"அப்ப ஆவியா வந்து ஓட்டுது? நாளையிலேந்து நீ வர வேணாம்."

பஞ்சநாதன் தவளக்குப்பத்திலிருந்து தினமும் சைக்கிள் மிதித்து வருகிறவன். வீட்டில் மூன்று பிள்ளைகள். தன் பெருமையைக் காப்பாற்றப் போய் ஒருத்தன் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று தணிகாசலத்துக்கே சங்கடமாகிவிட்டது. ஆனால் சொன்ன சொல்லை எப்படி விழுங்குவது?

ஷெட்டை ஒட்டினாற்போல்தான் தணிகாசலத்தின் வீடு. காசிலிங்கத்துக்குக் காப்பி கொண்டுவந்த அவன் மனைவி அஞ்சலாட்சி, தம்ளரைக் கொடுத்துவிட்டும் உள்ளே போகாமல் நின்றாள்.

"அவரு மேல தப்பு இருக்காதுங்க" என்றாள்.

ஷெட்டு விஷயத்தில் அவள் வாய் திறந்து அவன் பார்த்ததே இல்லை. "கிளட்சைப் பத்தி ஒனக்கு என்னா தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. இன்னொரு வாட்டி நல்லாப் பாத்துட்டுச் சொல்லுங்க. ஒருத்தரு பொழப்பு இது."

அவள் குரல் நடுங்கியது. அடுத்தவர் கஷ்டத்துக்கு இப்படி உருகுகிறாளே என்று தணிகாசலத்துக்கு மனைவி மேல் பிரியம்கூட வந்தது. டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை நுழைத்தான். கிளட்ச் பெடலைத் துணியால் துடைத்தான். கொஞ்ச நேரத்தில் வண்டிக்குள்ளிருந்து அவன் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"பஞ்சநாதா, ஒன் செருப்பைக் காட்டு."

பஞ்சநாதன் காட்டினான். தட்டையான டயர் செருப்பு.

"முதலாளி, இங்க வந்து பாருங்க. பெடல் ரப்பரோட மேல் ஓரத்துல பொடிப் பொடியாக் கீறல். செருப்புக் கால் இப்படிக் கீறாது. இது வெறுங்காலு. அதுவும் கட்டை வெரலுக்கு அடுத்த வெரல் படற எடம்." கீறலில் விரலைத் தேய்த்து வெளிச்சத்தில் நீட்டினான். விரல் நுனியில் வெள்ளி மின்னியது. "மெட்டி."

"மெட்டியா?"

"ஆமா. கல்யாணமான பொம்பள யாரோ நமக்குத் தெரியாம வண்டி ஓட்டிப் பழகறாங்க. பழகறப்ப எல்லாரும் பெடல் மேலயேதான் காலை வெச்சிருப்பாங்க."

பஞ்சநாதனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தணிகாசலத்துக்கோ தலைகால் புரியவில்லை. காது மட்டுமல்ல, கண்ணும் தனக்கு இப்படி வேலை செய்கிறதே என்ற பூரிப்பில், கேட்காத புத்திமதியும் சேர்ந்து வந்தது.

"கோவப்படாதீங்க, முதலாளி. காலம் மாறிப்போச்சு. ஊருக்கே தெரிஞ்சப்பறந்தான் இதெல்லாம் புருசனுக்குத் தெரியும். வீட்டுக்குப் போயி அந்தம்மாகிட்ட நயமா கேளுங்க."

காசிலிங்கம் கோபப்படவில்லை. காப்பியை நிதானமாகக் குடித்து முடித்தார்.

"பஞ்சநாதா, நாளைக்கு வழக்கம்போல வந்துடு" என்றார் முதலில். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"எங்க வீட்டுல அந்தம்மாவும் இல்ல, இந்தம்மாவும் இல்லப்பா. நான் கல்யாணமே கட்டல. எனக்குப் பொங்கிப் போடற கோவிந்தராசுக்கு மீசை இந்தா பெரிசு. எங்க சந்துல நிறுத்த எடமில்லன்னு சனிக்கெழம சாயந்திரம் ஒன் ஷெட்டுல வுடற வண்டியை, திங்கக்கெழம காலையிலதான நாங்க எடுக்கறோம்?"

தணிகாசலம் மெதுவாகத் திரும்பினான்.

அஞ்சலாட்சி இடது காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"மிதிச்சப்பறம் காலை எடுத்துடணும்னு இன்னைக்குத்தாங்க எனக்குத் தெரிஞ்சுது."