முப்பத்தைந்து நாள் அடை

"இந்தத் தீவுல இப்ப இருக்கிறது மூணே பேர். நான், நீ, கொட்டகையில முட்டை மேல அவ," என்றாள் ஹல்டிஸ் கணவர் ஒட்வாரிடம், ரகசியக் குரலில். "அவ எந்திரிச்சுக் கடல்ல இறங்குற அன்னைக்கு, நீயும் கிளம்பிடு."

கத்தித்தான் சொல்லியிருப்பாள். ஆனால் கூட்டில் பரப்பும் மார்புத் தூவிக்காகத் தீவுக்காரர்கள் பேணும் ஈடர் என்ற கடல்வாத்து அடையில் உட்கார்ந்துவிட்டால் அங்கே யாரும் குரலை உயர்த்துவதில்லை. வெளிப் படகு கரை ஒட்டக் கூடாது. பழகிய ஒரே ஆள், தினமும் அதே பழைய மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு, கொட்டகைக்குப் போய்வரலாம். வாத்து மிரண்டால் முட்டையை விட்டுவிட்டுப் போய்விடும். அதனால் ஒட்வாரின் முப்பத்தாறு வருடக் கல்யாணம் கிசுகிசுப்பாகவே முறிந்தது.

குற்றம் இதுதான். பிப்ரவரியில் ஹல்டிஸின் அக்கா பெரித் மறுகரை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். போன் ஒட்வாரிடம் வந்தது. வெளியே புயல். சொன்னால் இவள் அந்த அலையிலேயே படகை இழுப்பாள் என்று அவர் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துப் புயல் ஓய்ந்தபோது பெரித்தும் ஓய்ந்திருந்தாள். அந்த இரண்டு நாள் விவகாரம் மே மாதம்தான் ஹல்டிஸுக்குத் தெரிந்தது. உன் நல்லதுக்குத்தான் என்றார் அவர். வீடு அவளுடைய அம்மா வழியில் வந்தது. போக வேண்டியவர் அவர்.

வாத்து அடைகாக்க இருபத்தாறு நாள் கணக்கு.

முதல் வாரம் இருவரும் பேசவில்லை. இரண்டாம் வாரம் உப்பைக் கேட்டார்கள், காபியைக் கேட்டார்கள். பிறகு எப்படியோ பழைய கதைகள் வந்தன. கிசுகிசுத்துப் பேசினால் எந்தப் பேச்சும் சின்ன வயதுப் பேச்சாகிவிடுகிறது. முதன்முதலாக இவளைப் பெண் கேட்டு மே மாதத்தில், வாத்து அடையில் இருக்கும்போது, சிவப்பு ஸ்வெட்டரோடு வந்திறங்கியதை ஒட்வார் நினைவுபடுத்தினார். முழங்கால் தண்ணீரிலேயே மாமியார் அவரை நிறுத்தி, மீன் நாற்றமடிக்கும் ஒரு கோட்டை வீசி, இதைப் போட்டுக்கொண்டு வா, இல்லையென்றால் ஜூலையில் வா என்றாராம்.

"அந்தக் கோட்டுலதான் உன்னைப் புடிச்சுது," என்றாள் ஹல்டிஸ். "கழட்டின பிறகுதானே ஆள் எப்படின்னு தெரிஞ்சுது."

உருளைக்கிழங்குத் தோல் ஒட்டிய கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சத்தமில்லாமல் சிரித்துச் சிரித்து இருவருக்கும் கண்ணில் தண்ணீர். அவர்கள் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது, அடை முடிந்து ஜூலையில் வீட்டார் சாதாரணக் குரலில் பேச ஆரம்பித்ததும் பயந்து அழுவானாம். அதையும் பேசினார்கள்.

இருபத்தாறாம் நாள் காலை ஒட்வார் கொட்டகைக்குப் போனபோது கூட்டில் ஓடுகள்தான் இருந்தன. வாத்தின் மார்புத் தூவியில் கொஞ்சம் சூடு மிச்சமிருந்தது.

போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அவர் தூவியை இழுத்து ஓடுகளை மூடினார். கவிழ்த்த வாளிமேல் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். உள்ளே வந்து, "உட்கார்ந்திருக்கா," என்றார்.

மறுநாளும் அதே கோட்டு, அதே வாளி. கொட்டகையில் ஒன்றுமில்லை. ஆனால் அடுப்படியில் இரண்டு கோப்பை காபி இருந்தது. ஒருநாள் அவள் அவருடைய கிழிந்த காலுறையைத் தைத்துக்கொண்டிருந்தாள். போகப்போகிறவனின் காலுறையை யாராவது தைப்பார்களா? இன்னும் நான்கு நாள், ஐந்து நாள் தள்ளினால் போதும் என்று ஒட்வார் கணக்குப் போட்டார்.

முப்பத்தைந்தாம் நாள் காலை. ரொட்டியில் பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவி வைத்தபடி ஹல்டிஸ் கேட்டாள்.

"என்ன, கல்லையா அடைகாக்கிறா?"

"குளிர் அதிகம். அவளுக்கும் வயசாச்சு."

"இன்னைக்குக் காலையில பாத்தியா?"

"இப்பதானே வர்றேன். நல்லா உட்கார்ந்திருக்கா."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"வேற ஏதாச்சும் சொல்லணுமா, ஒட்வார்?"

ஒட்வார் காபியை ஒரு மடக்கு குடித்தார். "வேற என்ன? ஒண்ணுமில்ல."

ஹல்டிஸ் கத்தியைத் துடைத்து வைத்தாள். போனை எடுத்து மறுகரைப் படகுக்காரனின் எண்ணை அழுத்தினாள். பிறகு, ஐந்து வாரத்தில் முதல்முறையாக, ஜன்னல் கண்ணாடி அதிரப் பேசினாள்.

"மாக்னே, படகைக் கொண்டு வா. ஒரு ஆள், ஒரு பெட்டி. ஆமா, கரைக்கே வரலாம்."

ஒட்வார் பதறி எழுந்து உதட்டில் விரல் வைத்தார். "மெதுவா. அவ எந்திரிச்சிடுவா."

"அவ எந்திரிச்சு ஒன்பது நாளாச்சு. இந்த ஜன்னல்ல நின்னு பார்த்தேன், அஞ்சு குஞ்சு." ஏற்கெனவே கட்டி வைத்திருந்த அவருடைய பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்தாள். "நீயா வாய் திறந்து சொன்ன அன்னைக்கு இந்தப் பெட்டியைப் பிரிச்சு அடுக்கிடலாம்னு ஒன்பது நாளாக் காத்துக்கிட்டிருந்தேன்."

அவர் படியிறங்கினார். பின்னால் ஹல்டிஸ் கதவைச் சாத்தினாள். அந்த வீட்டை யாரும் பூட்டி அவர் பார்த்ததில்லை. சாவியை எங்கே வைத்திருந்தாளோ, இரண்டு முறை திருகிப் பூட்டினாள்.