ஆயிரம் லூமன்

"ஊரை ஏமாத்துறீங்களா?" என்று நெற்றிவிளக்கைக் கடைமேசையின் மீது வைத்தார் சர்வேயர். வைத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. எறிந்தார்.

ஓய்வு பெற்ற பின்னும் வருடம் தவறாமல் மனைவியோடு மலையில் கூடாரம் போட்டுத் தங்குகிறவர். அவரிடமே கதை விடலாமா?

"முதல்ல வாங்கினது குண்டு பல்பு, தம்பி. இடுப்புல பேட்டரி டப்பா, முதுகுல வயர். மாட்டினா ஆஸ்பத்திரியிலேர்ந்து தப்பிச்சு வந்தவன் மாதிரி இருப்பேன். ஆனா அந்த அழுது வடியுற வெளிச்சத்துல மேப் படிச்சிருக்கேன்!"

பிறகு எல்இடி வந்தது. வயர் போயிற்று, கனம் போயிற்று. அப்புறம் சார்ஜ் போடுகிற விளக்கு. வெளிச்சத்தின் அளவு நூறு லூமன், முந்நூறு, போன வருடம் அறுநூறு. ஒவ்வொன்றும் முந்தையதைவிட மங்கல். இப்போது ஆயிரம் என்று அட்டையில் அச்சடித்து விற்கிறார்கள். காலடியில் கிடக்கிற கல் தெரியவில்லை. கேட்க நாதியில்லை என்ற துணிச்சல்!

"உங்களுக்கு எதுலதான் திருப்தி?" என்றாள் கூட வந்திருந்த மனைவி. வழக்கம்போல எதிர்க்கட்சி.

கடைக்காரர் இருவரையும் பின்னாலிருந்த கிடங்கறைக்கு அழைத்துப்போய் ஜன்னலைச் சாத்தி, மின்விளக்கை அணைத்தார்.

சர்வேயர் நெற்றிவிளக்கை மாட்டி, முழு வெளிச்சத்துக்குப் பொத்தானை அழுத்தினார்.

எதிர்ச்சுவரில் பழைய தேநீர்க் கறை போல ஒரு வட்டம் விழுந்தது. அவ்வளவுதான்.

"யாருப்பா அது, கண்ணு கூசுது!" என்று, அவர் தலையைத் திருப்பியதும், வாசல் பக்கமிருந்து யாரோ கத்தினார்கள். கடைக்காரனின் கையாளாக இருக்கும். என்ன ஜோடனை!

"அந்தப் பெட்டி மேல என்ன எழுதியிருக்கு? முடிஞ்சா படிங்க பாப்போம்," என்றார் சர்வேயர்.

"கண்ணாடிப் பொருள், கவனமாக..." என்று ஆரம்பித்தார் கடைக்காரர்.

மனைவியின் வளையல்கள் அவசரமாகக் குலுங்கின. கடைக்காரர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"ஆமாங்க, வெளிச்சம் பத்தலை," என்றாள் மனைவி. "எனக்கும் ஒண்ணும் தெரியலை."

சர்வேயர் நிமிர்ந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவள் தன் பக்கம் பேசியது இதுதான் முதல் தடவை. கடைக்காரரும் மறுபேச்சில்லாமல் விளக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார். நியாயம் ஜெயிக்காமல் எங்கே போகும்!

நல்ல வெயிலில் கடைப்படி இறங்கும்போது, அவள் ஏன் தன் முழங்கையை இவ்வளவு இறுகப் பற்றிக்கொண்டு வருகிறாள் என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை.