தபால்காரனின் பதிவு

எங்கள் வகுப்பு வலைப்பூ இப்படித்தான் இயங்குகிறது. பாடமாக வைத்திருக்கும் பழைய நாவலின் பாத்திரங்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போட்டார் தமிழம்மா. யாருக்கு எந்தப் பாத்திரம் விழுந்ததோ, அந்தப் பாத்திரமாகவே எழுத வேண்டும். கதையில் முன்னால் நடப்பது வலைப்பூவிலும் முன்னால் ஏற வேண்டும். அது ஏறாமல் அடுத்தவர் பதிவு போட முடியாது. சம்யுக்தாவுக்கு நாயகி விழுந்தது. கணவனின் கடிதத்துக்காக ஜன்னலோரம் காத்திருப்பதாக அவள் எழுதியதற்கு நாற்பத்தாறு பின்னூட்டங்கள். எனக்கு விழுந்தது, அந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் தபால்காரன். நாவலில் அவனுக்கு நான்கே வரி. பெயர்கூடக் கிடையாது.

"யோவ் தபால்காரரே, நாலு நாளாச்சு. லெட்டரக் குடுத்துத் தொலையேன்டி," என்றாள் சம்யுக்தா. "நான் அழுவுற சீன் எழுதி ரெடியா வச்சிருக்கேன்."

"ஊர்ல உன் வீடு ஒண்ணுதானா இருக்கு?"

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். அதுவும் அவளுக்கு அழகாக இருந்தது.

இன்று மாலை என் பதிவை ஏற்றினேன். 'ஜன்னலில் அவள் நிற்பது தெரிந்தது. நான் சைக்கிளை நிறுத்தவில்லை.'

இரண்டு நிமிடத்தில் நாயகியின் பெயரில் ஒரு பின்னூட்டம் வந்தது. 'நில்லுங்கள் தபால்காரரே. இத்தனை வருடமாக வருகிறீர்கள், உங்கள் பெயரை நான் கேட்டதே இல்லையே?'

என் பதிவைவிட அது நன்றாக இருந்தது. அதற்குள் அதற்குப் பதினொரு விருப்பக்குறிகள் விழுந்துவிட்டன.

கடிதம் இன்னும் என் பையில்தான் இருக்கிறது.