காற்றுக்கு வலப்பக்கம்

"கொன்னது போதாதுன்னு சாவு வீட்டுக்கு வேற வந்துட்டியா?"

கறுப்பும் சிவப்புமாகத் துக்கத் துணி கட்டியிருந்த அராபா, நங்கோலோவை வாசலிலேயே மறித்தாள். வால்விஸ் பே துறைமுகத்தில் பெயரெடுத்த படகோட்டி அவன். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

அவள் மகன் ஈபோ பனிமூட்டத்தில் மீன்பிடி படகிலிருந்து தவறி விழுந்தான். தேடப் போன முதல் படகு நங்கோலோவுடையது. போனதோ நேர் எதிர்ப்பக்கம்.

பின்னால் வந்த வேறொரு படகுதான் ஈபோவை எடுத்தது. மீன்பெட்டி மூடியை இறுகப் பிடித்தபடியே குளிரில் விறைத்துப்போயிருந்தான்.

"பூமி சுத்துற சுத்துல, இங்க கடல் காத்துக்கு இடப்பக்கமா இழுக்கும்னு பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்," என்று அராபாவின் தம்பி கோஜோ எகிறினான். "நீ வலப்பக்கம் போயிருக்கே! குடிச்சிருந்தியா?"

"இல்ல. கணக்கு தப்பிப்போச்சு."

"தப்பிப்போச்சாம்!" அராபா அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "என் வீட்டுக்காரர் கானாவுல காலமெல்லாம் கடல்லயே கிடந்தவர். உன் படகுலதானே வந்தாரு? சுக்கானை அவர்கிட்ட கொடுத்திருந்தா, என் பிள்ளை இன்னிக்கு என் கையால சோளக் கெங்கே தின்னுட்டிருப்பான். போடா! இனி இந்த வாசலை மிதிக்காதே!"

கூட்டமே காறித் துப்பியது. அவன் படகில் வேலை செய்கிற எனக்கு நடந்தது தெரியும். என்ன செய்ய? யாரும் வாய் திறக்கக் கூடாதென்று எங்களிடம் சத்தியம் வாங்கியிருந்தான்.

நாங்கள் இருவரும் கிளம்ப, தெருமுனை வரை மூச்சிரைக்க ஓடிவந்து நங்கோலோவின் கையைப் பிடித்துக்கொண்டார் ஈபோவின் அப்பா குவாமினா.

"தம்பி, இடப்பக்கம் இடப்பக்கம்னு நீ தலைபாடா அடிச்சுக்கிட்டியே! எங்க கானா பூமியோட நடுக்கோட்டுக்கு வடக்க, இந்த ஊர் தெற்க. அங்க கடல் வலப்பக்கமா இழுக்கும். அந்தப் பழக்கத்துல நான்தான் சுக்கானைப் பிடுங்கித் திருப்பினேன். பெத்தவனாச்சேன்னு நீயும் விட்டுக்கொடுத்தே. என் பிள்ளையை நானே கொன்னுட்டேன். இப்பவே போய் அவகிட்ட சொல்லிடறேன்."

"வேணாம்யா."

"உனக்கு எதுக்குப்பா இந்தப் பழி?"

நங்கோலோ தொப்பியை மாட்டிக்கொண்டான்.

"என்னைத் திட்டினா, அம்மா கதவைச் சாத்திட்டு உங்க தோள்ல சாஞ்சு அழுவாங்க. உங்களைத் திட்டிட்டு யார் தோள்ல போய்ச் சாய்வாங்க?"