இடது பக்கம் காலி

மெத்தைக் கம்பெனியிலிருந்து மறுபடியும் ஃபோன். எரிச்சலோடு எடுத்தாள் அவள்.

"மேடம், உங்க மெத்தையில இடது பக்கம் ஒரு வாரமா யாருமே படுக்கலைன்னு அதுல இருக்கற சென்சார் இங்க காட்டுது. மெத்தையில ஏதாவது கோளாறா?"

"மெத்தை நல்லாத்தான் இருக்கு."

"மாச வாடகை கட்டுறீங்களே, மேடம். நாங்க இப்ப மெத்தையை விக்கிறதில்ல. உங்க தூக்கத்துக்கே பொறுப்பு எடுத்துக்கறோம்."

"முன்னெல்லாம் வித்தோமா, போனோமான்னு இருந்தீங்க. இப்ப யார் படுத்தா, யார் எழுந்தான்னு எட்டிப் பாக்குறதே பொழப்பாப் போச்சு!"

"கோவப்படாதீங்க." குரல் கொஞ்சம் இறங்கியது. "வலது பக்கமும் ராத்திரி பூரா புரண்டுக்கிட்டே இருக்கறதா காட்டுது. அதான்... ஆள் அனுப்பட்டுமா?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இதைக் கேக்க தினமும் கம்பெனி நம்பர்லேர்ந்துதான் கூப்பிடணுமா? ஒரு ஆளையும் அனுப்ப வேண்டாம். என்கிட்ட சண்டை போட்டுட்டு, உங்க அக்கா வீட்டுத் தரையில போய்ப் படுத்துக் கிடக்கறது நீங்கதானே? நீங்களே வந்து சேருங்க!"

மறுமுனையில் தொண்டையைக் கனைத்துக்கொண்டான் கணவன்.

"சாயங்காலமே வந்து சரி பண்ணிடறோம், மேடம்."