அப்பா செய்த சத்தியம்

ஏதென்ஸ் நாடகப் போட்டியில் ஜெயித்த பித்தியாஸின் தலையில் இலைக்கிரீடம் ஏறியதுமே, தோற்றுப்போன கவிஞன் ஸ்த்ராத்தோன் எழுந்தான்.

“இவனாவது எழுதறதாவது. எல்லாம் இவன் அப்பன் எழுதினது. கிழவரைக் கூப்பிட்டுச் சத்தியம் பண்ணச் சொல்லுங்க.”

கூட்டமும் ஆமாம் போட்டது. முன்வரிசையில் அத்திப்பழம் தின்றுகொண்டிருந்த பித்தியாஸின் அப்பா, பழைய கவிஞர் இவாண்டர், கையைத் துடைத்துக்கொண்டு வந்து தியோனைசஸ் சாமியின் பலிபீடத்தில் வைத்தார்.

“இதுல ஒரு வரிகூட நான் எழுதலை. எழுதியிருந்தா என் நாக்கு அழுகிப் போகட்டும். என் பையன் என்னை மிஞ்சிட்டான்யா.”

இவாண்டர் பொய் சொல்ல மாட்டார் என்பது ஊருக்கே தெரியும். ஸ்த்ராத்தோன் பித்தியாஸின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டான். பித்தியாஸால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது அப்பா அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“உன் நாடகத்துல அந்த ராணி சாகும்போது, ‘விளக்கை அணைச்சிடாதீங்க, பிள்ளை பயப்படும்’னு சொல்றா பாரு. உங்கம்மா கடைசியா என்கிட்ட சொன்னதும் அதுதாண்டா. நீ அப்போ கைக்குழந்தை. உனக்கு யாரு சொன்னா?”

“நீங்கதாம்பா சொன்னீங்க.”

“நானா? எப்போ? எனக்கு இப்பல்லாம் எதுவும் ஞாபகம் நிக்கறதில்லைடா” என்று சிரித்தபடி, மகன் தலையில் சரிந்திருந்த கிரீடத்தை நேராக வைத்தார்.

அந்த மறதியை நம்பித்தான், அவர் சொல்லச் சொல்லத் தான் எழுதிக்கொண்ட நாடகத்தைப் பித்தியாஸ் தன் பெயரில் மேடையேற்றியிருந்தான்.